வரப்பில் காஸ்மாஸ்... நெல்லுக்குக் காவல்!

காஞ்சிபுரம் பூக்கடைகளுக்கு மல்லியும் சம்பங்கியும் சாமந்தியும் கூடை கூடையாக வந்து இறங்குகின்றன. காஸ்மாஸுக்கு அங்கே இடமில்லை. தண்ணீரில் நிறுத்தாவிட்டால் சீக்கிரமே வாடிவிடும். நாரில் கட்டினால் இதழ் உதிரும். ‘வாசலில் இவ்வளவு நன்றாகப் பூக்கிறதே, அரை ஏக்கரில் போட்டால் கோயில் மாலைக்குப் போகாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. இந்தப் பூவுக்கு வேலை இருக்கும் இடம் நெல் வயல் வரப்பு.

உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் ஏரித் தண்ணீரை நம்பி சம்பா நடுகிறவர்களுக்குப் புகையான் என்றாலே வயிறு கலங்கும். தூரடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சி, திட்டுத் திட்டாகப் பயிரைக் கருக்கிவிடும். பயந்துபோய் முன்கூட்டியே மருந்தடித்தால், சிலந்தியும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து சாகும். காவல் போன வயலில் புகையான் முன்னைவிட வேகமாகப் பெருகும். மறுபடி மருந்து, மறுபடி கடன்.

அந்தக் குளவிகள் எறும்பைவிடச் சிறியவை. புகையானின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கக்கூடியவை. ஆனால், வளர்ந்த குளவிக்குச் சாப்பாடு தேன்தான். நெல் பூவில் தேன் கிடையாது. வரப்பில் பூ இருந்தால் குளவி அங்கேயே தங்கும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் மகரந்தம் தேடி வரும்.

சீனா, தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் நெல் வரப்புகளில் தேன் தரும் பூச்செடிகளை வளர்த்து நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. பூச்சிக்கொல்லி 70 சதவிகிதம் குறைந்தது, மகசூல் 5 சதவிகிதம் கூடியது. அந்தப் பலன் காஸ்மாஸால் மட்டும் வந்ததல்ல. எள் உட்படப் பல செடிகள் அதில் அடக்கம். பூவையும் நட்டுவிட்டு வழக்கம்போல மருந்தும் அடித்தால் நட்டது வீண். நம் ஊரில் வரப்புக்குப் பரிந்துரைக்கப்படும் தட்டைப்பயறு, உளுந்து, செண்டுமல்லியோடு இடையிடையே காஸ்மாஸ் வைப்பதே நல்லது. பயறில் வீட்டுக்குக் காயாவது கிடைக்கும்!

மெக்ஸிகோவிலிருந்து வந்த இந்தச் செடியில் இளஞ்சிவப்பு ரகமும் உண்டு. நம் வெயிலுக்குத் தாங்குவது மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் ரகம். விதைத்த 50-60 நாளில் பூக்கும். ஆகவே, நெல் நாற்று விடும் அன்றே இதையும் விதைத்துவிட வேண்டும். நேராக வரப்பில் விதைத்தால், அண்டை வெட்டிச் சேறு பூசும்போது எல்லாம் போய்விடும். கொல்லையில் ஒரு சிறு பாத்தியில் விதைத்து, மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். ஒரு வாரத்தில் முளைக்கும். நடவு முடிந்ததும் அண்டை காய்ந்த வரப்பில் ஓர் அடி இடைவெளியில் நடலாம். ஆவணியில் விதைத்தது ஐப்பசியில் பூக்கும்.

உரம் வேண்டவே வேண்டாம். யூரியா கண்டால் செடி தழைத்து உயருமே தவிர, பூக்காது. ஐப்பசி மழையில் முதலில் சாய்வதும் அப்படி வளர்ந்த செடிதான். ஓரடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துக் குட்டையாக நிற்கும், பூவும் கூடும். வேரில் தண்ணீர் நின்றால் அழுகும். வரப்பின் மேட்டில் நடுவதற்கு அதுதான் காரணம். வரப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். ஆடு, மாடு மேய்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே ஆரஞ்சுப் பூவை வேகவைத்த சாற்றில், படிகாரம் ஏற்றிய பட்டு நூலை நனைத்தால் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை நிறம் பிடிக்கும். பிள்ளையார்பாளையம் தறிக்காரர் வீட்டில் ஒரு கழி நூலுக்குச் சோதித்துப் பார்க்கலாம். சேலைக்குச் சேலை ஒரே நிறம் வரவேண்டிய சாயப் பட்டறைக்கு வரப்புப் பூ எம்மாத்திரம்?

வாடிய பூவை அவ்வப்போது கிள்ளினால் புதுப் பூ வந்துகொண்டே இருக்கும். கடைசிப் பூக்களில் கொஞ்சத்தை மட்டும் காயவிட்டு, ஊசி போன்ற கருத்த விதைகளை எடுத்து வைக்கலாம். மற்றச் செடிகளை விதை முற்றும் முன் அறுத்துவிட வேண்டும். கொட்டிய விதை தானாக முளைத்து, அடுத்த போகத்தில் வரப்பு முழுக்கக் களையாகிவிடும்.