ஓடாத ஆற்றை அளப்பது எப்படி?

ஆவணி, புரட்டாதி மாதங்களில் வன்னி ஆறுகள் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பி நந்திக்கடலில் சேரும் பேராறும், இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறும் இதற்கு விலக்கல்ல. கோடையில் பல இடங்களில் கால் நனையாமல் இறங்கி அக்கரை ஏறலாம். ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் அதே இடத்தில் நிற்கவே முடியாது. 2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. விடிவதற்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊர்கள் பல வெள்ளத்துக்குள் நின்றன.

ஆறுகளைக் களத்தில் ஆராயச் சொல்லித்தரும் நூல்களில் பல, ஆண்டு முழுவதும் ஓடும் குளிர்நாட்டு ஆறுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நாடாவைப் பிடிக்கச் சொல்கின்றன. தண்ணீரூற்றிலோ முள்ளியவளையிலோ உயர்தரத்தில் புவியியல் படிக்கிற பிள்ளைக்கு அந்த முறை ஆண்டில் சில மாதங்களுக்குத்தான் உதவும். மற்ற மாதங்களில் வெறும் மணலிலிருந்து வெள்ளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் முறை உண்டு, அது இன்னும் சுவையானது.

ஓடும் ஆற்றிலிருந்து தொடங்கலாம். ஆற்றின் குறுக்கே நாடா கட்டி அகலத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு அரை மீற்றருக்கும் அளவுகோலை ஊன்றி ஆழம் பார்க்க வேண்டும். அகலம் 6 மீற்றர், சராசரி ஆழம் 0.4 மீற்றர் என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு 2.4 சதுர மீற்றர். வேகத்துக்கு ஒரு தோடம்பழம் போதும். அது முக்கால்வாசி தண்ணீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. நிறம் தூரத்திலும் தெரியும். தவறிப் போனாலும் ஆற்றுக்குக் கேடில்லை. 10 மீற்றர் தூரத்தை அது 20 செக்கனில் கடந்தால் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். மேற்பரப்பில் தண்ணீர் வேகமாக ஓடும், அடியில் மணல் இழுத்துப் பிடிக்கும். ஆகவே கிடைத்ததை 0.85 ஆல் பெருக்க வேண்டும். வேகத்தையும் பரப்பையும் பெருக்கினால் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு கன மீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் தண்ணீர்.

வற்றிய ஆற்றில் தோடம்பழத்துக்கு வேலையில்லை. அங்கே கண்தான் கருவி. கரையில் நிற்கும் மருதமரத்தின் அடிமரத்தில் சேறு படிந்த கோடு, கிளையில் சிக்கித் தொங்கும் வைக்கோலும் பொலித்தீனும், ஒரே பக்கம் சாய்ந்து காய்ந்த நாணல்: கடைசி வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை இவை காட்டும். அந்த உயரத்தில் இரு கரைக்கும் கயிறு கட்டினால், வெள்ளம் வந்த நாளின் குறுக்குவெட்டுப் பரப்பை ஆறுதலாக நின்று அளக்கலாம்.

அடுத்தது சரிவு. மேசன்மார் பாவிக்கிற, தண்ணீர் நிரப்பிய ஒளிபுகு குழாயே இதற்குப் போதும். 50 மீற்றர் தூரத்துக்குள் வெள்ளக்கோடு 5 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் சரிவு ஆயிரத்தில் ஒன்று. அயர்லாந்துப் பொறியியலாளர் ரொபேட் மனிங் 1889 இல் முன்வைத்த சூத்திரத்தில் இந்தச் சரிவையும், பரப்பையும், குறுக்குவெட்டில் தண்ணீர் தொட்ட கரையும் படுகையும் சேர்ந்த நீளத்தையும், படுகையின் கரடுமுரட்டையும் இட்டால் வெள்ளத்தின் வேகம் கிடைக்கும். கரடுமுரட்டு எண்ணை மட்டும் நாடா சொல்லாது. ஆய்வாளர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். துப்புரவான மணற்படுகைக்கு 0.03 அளவு, பற்றை மண்டிய படுகைக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் வரலாம். எண் இரட்டித்தால் வேகம் பாதியாகும். ஆற்றுக்குள் பற்றை வளரவிடுவதால் தண்ணீர் கரைமீறுவது ஏன் என்பதை இந்த ஒற்றைக் கணக்கு விளங்கவைத்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. முல்லைத்தீவில் கண்ணிவெடி அகற்றும் பணி யுத்தம் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை தெரிந்தால் அங்கே கால் வைக்கக்கூடாது. வெள்ளம் வெடிபொருளை இடம்மாற்றிவிடவும் கூடும் என்பதால் ஊரவர் வழமையாக நடக்கிற பாதையே பாதை. எந்த அளவும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

ஆற்றை விட்டு ஊருக்குள் வந்தால் முறை மாறும், கூர்மை மாறாது. நகரத்தை நடந்து படிக்க வேண்டும் என்று வாதாடியவர் ஸ்கொட்லாந்துக்காரர் பற்றிக் கெடிஸ். 1914 இல் அவர் சென்னைக்குப் புறப்பட்டபோது அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜேர்மனியின் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அவர் மனம் தளரவில்லை. தஞ்சாவூர், மதுரை எனத் தெருத்தெருவாகச் சுற்றினார். நெரிசலான பகுதிக்கூடாக நேர்வீதி வெட்டி வீடுகளை இடிப்பதைவிட, இருக்கிற சந்துகளை அறிந்து தேவையான இடத்தில் மட்டும் கைவைப்பது நல்லது என்று எழுதினார். கொழும்புக்கும் 1921 இல் ஓர் அறிக்கை தந்தார். முதலில் ஆய்வு, பிறகுதான் திட்டம் என்பது அவர் விடாமல் சொன்னது.

அவர் வழியில் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் தண்ணீரூற்றிலிருந்து முள்ளியவளை வரை ஒரு வெட்டுக்கோடு நடக்கலாம். இருபக்கமும் கடையா, வீடா, வெறுங்காணியா என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். பாடசாலை நாளில் ஒருமுறை, ஞாயிறன்று ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று போகிற வருகிற ஆட்களை எண்ண வேண்டும். கூரையும் சுவரும் காலத்தைச் சொல்லும்: யுத்தத்துக்கு முந்திய ஓட்டு வீடு ஒரு வகை, மீள்குடியேறியபோது போட்ட தகரக் கொட்டில் இன்னொன்று, 2012 இற்குப் பிறகு இந்திய வீடமைப்புத் திட்டத்தில் எழுந்த கல்வீடு வேறொன்று.

வினாக்கொத்துத்தான் இங்கே கடினம். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்ற சாதாரணக் கேள்விக்கு வன்னியில் ஒற்றை எண் விடையாகாது. 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் உண்டு, 2009 இல் எல்லாவற்றையும் விட்டு நடந்து பிறகு திரும்பியவர்களும் உண்டு. முதலில் வந்தது எப்போது, திரும்பி வந்தது எப்போது என இரண்டு நிரல் வேண்டும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாத பண்பும் வேண்டும். கேட்கிறவர் மாணவர், பதிவுக்காரரல்ல.

ஆற்றையும் ஊரையும் நிலத்தடியில் இணைப்பது கிணறு. ஒரே கிணறுகளைப் புரட்டாதியிலும் தையிலும் அளந்தால் மழை நிலத்தை எவ்வளவு நிரப்பியது என்பது தெரியும். நாடாவின் நுனியில் பாரம் கட்டிக் கடைசி அரை மீற்றருக்குச் சோக்குப் பூசி இறக்கினால், நனைந்த கோடே நீர்மட்டம். கிணற்றுக்கட்டின் உயரத்தைக் கழிக்க மறக்கக்கூடாது. விடியற்காலையில், வீட்டுக்காரர் மோட்டர் போடுவதற்கு முன்பே போய்விட வேண்டும்.