சொத்தைப் பல்லும் கிருமியை ஒடுக்கும் சிமெண்டும்

செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற மருத்துவ முகாமுக்கு, வீங்கிய கன்னத்துடன் ஒரு தாயார் தம் எட்டு வயது மகனையும் அழைத்து வந்திருந்தார். பற்குழியில் கிராம்பை வைத்தே பல மாதங்களைக் கழித்துவிட்டாராம். "பூச்சிப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லைங்களா, ஐயா?" என்று என்னை வினவினார். வழி உண்டு, ஆனால் அதனைக் காலத்தே நாடுதல் வேண்டும்.

பல்லை அரிப்பது பூச்சியன்று. கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளே. அவற்றுள் முதன்மையானதாகிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பதை 1924-ஆம் ஆண்டில் கிளார்க் என்னும் அறிஞர் கண்டறிந்தார். நாம் உண்ணும் இனிப்பை இக்கிருமி அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலம் பல்லின் சுண்ணச் சத்தைக் கரைத்துக் குழி பறிக்கிறது.

கிராம்பிலும் பயன் இல்லாமல் இல்லை. அதிலுள்ள யூஜினால் வலியைத் தணித்துக் கிருமியையும் ஒடுக்கும். பல் மருத்துவர்கள் அதனைத் துத்தநாக ஆக்சைடுத் தூளுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதுண்டு. வெறும் கிராம்போ குழியை மூடுவதில்லை. வலி அடங்கினும் சொத்தை உள்ளே வளரும்.

நிலையான அடைப்புக்கு உதவுவது கிளாஸ் அயனோமர் சிமெண்டு. இங்கிலாந்தில் வில்சன், கென்ட் என்னும் இருவர் உருவாக்கிய இது 1970-களின் தொடக்கத்தில் அறிமுகமாயிற்று. ஒருவகைக் கண்ணாடித் தூளை அமிலக் கரைசலுடன் குழைத்தால் இது கிடைக்கும். புதிதாகக் குழைத்த நிலையில் இதன் புளிப்புத் தன்மை கிருமிகளைத் தாக்கும். பின்னர் இதிலிருந்து கசியும் ஃபுளோரைடு, கிருமிகள் அமிலம் சுரப்பதைக் குறைத்துப் பல்லுக்கு உறுதியும் அளிக்கும். கோட்டையை முற்றுகையிடுவோர் முதலில் உணவு வழியை அடைப்பர் என்பதைச் செஞ்சி மக்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. பல்லோடு இறுகப் பற்றும் இச்சிமெண்டும் உள்ளே எஞ்சிய கிருமிகளுக்கு இரை செல்லும் வழியை அடைத்துவிடுகிறது.

மின்சாரக் கருவியின்றி, கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதனால் அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் தோன்றியது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஊக்குவித்தது. கிராமங்களுக்கு ஏற்ற முறை இதுவேயாகும்.

எனினும் சிமெண்டு தனித்து நின்று காக்காது. முதற்சில நாட்களில் மிகுதியாகக் கசியும் ஃபுளோரைடு பின்னர்க் குறைந்துவிடும். ஃபுளோரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் இருமுறை துலக்கினால் அது ஓரளவு மீண்டும் நிரம்பும். கடலை மிட்டாய் போல் பல்லில் ஒட்டும் இனிப்பை அடிக்கடி உண்பதையும் குறைத்தல் வேண்டும். நரம்புவரை சென்றுவிட்ட சொத்தைக்கு வெறும் அடைப்புப் பயன்படாது.

அத்தாயாரின் பல் அந்நிலையை எட்டிவிட்டதென முகாம் மருத்துவர் கூறினார். மகனின் கடைவாய்ப் பல்லிலோ சிறு குழியே இருந்தது. அது அன்றே அடைக்கப்பட்டது. வலி வரும்வரை காத்திராமல், கரும்புள்ளி தோன்றியவுடனேயே நம் பிள்ளைகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.