மாடியில் மாட்டுவது எது, எந்தத் திசை பார்த்து?

"மாசா மாசம் கேபிளுக்குக் கட்டிக் கட்டி அலுத்துப்போச்சு. பழையபடி மாடியில ஒரு ஆன்டெனா போட்டுட்டா சும்மாவே படம் தெரியாதா?" என்று சோரியாங்குப்பத்தில் ஒருவர் கேட்டால், தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்காகக் கடைக்குப் போய் மீன்முள் போன்ற அந்தப் பழைய அலுமினிய ஆன்டெனாவை வாங்கிவிடக் கூடாது. காற்றில் வரும் படம் இப்போது வேறு இடத்திலிருந்து வருகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. புதுச்சேரியின் பாகூருக்கு அருகே, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் சோரியாங்குப்பம் அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குத் தொலைக்காட்சி அலை ஒழுங்காக வந்து சேராது. 1984-ல் நாடெங்கும் சிறு ஒளிபரப்பிகள் மளமளவென்று எழுந்த பிறகுதான் கிராமங்களின் ஓட்டு வீடுகள் மேலும் ஆன்டெனாக்கள் முளைத்தன.

அந்த ஆன்டெனாவுக்கு யாகி-உடா என்று பெயர். ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடா, ஹிதெத்சுகு யாகி என்ற இருவர் 1926-ல் வெளியிட்ட வடிவம் அது. நடுவில் வளைந்த கம்பி ஒன்று இருக்கும். டிவிக்குப் போகும் வயர் அதில்தான் இணையும். பின்னால் இருக்கும் நீளமான கம்பி அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் வரிசையாக நிற்கும் குட்டைக் கம்பிகள் அலையை நடுக்கம்பியை நோக்கிக் கூட்டிவரும். முன்கம்பிகள் கூடக் கூட ஒரே திசையிலிருந்து வரும் அலையை அது இன்னும் வலுவாகப் பிடிக்கும். மற்ற திசைகளைக் கண்டுகொள்ளாது. கொஞ்சம் திருப்பினாலே திரையில் புள்ளி புள்ளியாக ஓடியது இதனால்தான்.

கம்பியின் நீளமும் கணக்குத்தான். அலைநீளத்தில் பாதி அளவுக்கு நடுக்கம்பி இருக்க வேண்டும். 62 மெகாஹெர்ட்ஸில் வரும் ஒளிபரப்புக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர், 200 மெகாஹெர்ட்ஸுக்கு 75 செ.மீ., 500 மெகாஹெர்ட்ஸுக்கு 30 செ.மீ. ஆகவே எந்த ஊரிலும் ஆன்டெனா வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அங்கே எந்த அலைவரிசையில் ஒளிபரப்பு வருகிறது என்பது. விலையெல்லாம் பிறகு.

அடுத்தது உயரம். பூமி வளைந்திருப்பதால் அலைக்கும் ஓர் அடிவானம் உண்டு. ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரத்தையும் நம் ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 150 மீட்டர் கோபுரம், 10 மீட்டர் குழாயில் ஆன்டெனா என்றால் சுமார் 63 கிலோமீட்டர். அதற்கு அப்பால் எத்தனை பூஸ்டர் போட்டாலும் பலன் குறைவு. வந்து சேர்ந்த அலையைத்தான் பூஸ்டர் பெருக்கும். வராத அலையை உண்டாக்காது.

கடலோரத் தமிழர்கள் இந்தக் கணக்கையும் தாண்டிப் படம் பார்த்திருக்கிறார்கள். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியபோது, அதன் ஒளிபரப்பி 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில் இருந்தது. கணக்குப்படி அது சுமார் 220 கிலோமீட்டர் எட்ட வேண்டும். ராமேஸ்வரம் அதைவிடத் தூரம். ஆனாலும் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கங்களில் நீளக் குழாய் நட்டு, பூஸ்டர் வைத்து ரூபவாஹினி பார்த்தார்கள். கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில், அலை அந்த அடுக்குக்குள்ளேயே வளைந்து வளைந்து வெகுதூரம் போகும். தெளிவாகத் தெரிந்த படம் மறுநாள் காணாமல் போனதற்கும் அதுவே காரணம்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் சுமார் 50 நிலையங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற பழைய அனலாக் ஒளிபரப்பிகளை 2022 மார்ச்சுக்குள் மூடுவது என்று தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி முடிவெடுத்துச் செயல்படுத்தியது. 2016-ல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தொடங்கியது. அந்தப் பட்டியலில் புதுச்சேரி இல்லை. 'ஹெச்டி டிஜிட்டல் ஆன்டெனா, நூறு சேனல்' என்று இணையத்தில் விற்கும் தட்டை ஆன்டெனாக்கள் அமெரிக்கா போன்ற நாடுகளில் பயன்படும். பாகூர்ப் பக்கத்தில் அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

இங்கே வாங்க வேண்டியது டிஷ். தூர்தர்ஷனின் இலவசச் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்று தொடங்கி, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடக்கிறது. 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து அது வருகிறது. டிஷ், செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு தடவை சுமார் 2,000 ரூபாய். மாதக் கட்டணம் கிடையாது.

சோரியாங்குப்பத்திலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், செல்போன் திசைகாட்டியில் சுமார் 130 டிகிரியில், தரையிலிருந்து 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய தலைக்கு மேலே. அதனால் தென்னந்தோப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் தயங்க வேண்டாம். டிஷ்ஷைவிட 13 மீட்டர் உயர்ந்த மரமாக இருந்தாலும், ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்றால் மறைக்காது. டிஷ்ஷின் முகம் அவ்வளவு அண்ணாந்து இல்லாமல் 45 டிகிரி அளவில் சாய்ந்திருப்பதுபோலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் அலையை வாங்கும் கருவி, கீழ்ப்பக்கமாகத் தள்ளி இருக்கும் டிஷ்கள் அப்படித்தான் நிற்கும்.

பொருத்தும்போது முதலில் குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். குழாய் சாய்ந்திருந்தால் அதற்குப் பிறகு எந்த அளவும் சரியாக அமையாது. அப்புறம் நட்டுகளை அரைகுறையாக முடுக்கிவிட்டு, டிஷ்ஷை இடமிருந்து வலமாக மிக மெதுவாக நகர்த்த வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி விலகினாலே படம் போய்விடும். திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். 'ஸ்ட்ரெங்த்' பட்டை ஏறுவதைப் பார்த்து நின்றுவிடக் கூடாது. 'குவாலிட்டி' பட்டை உச்சத்துக்குப் போகும் இடத்தில்தான் நட்டை இறுக்க வேண்டும்.

டிஷ்ஷின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் நீளம் இரண்டரை செ.மீ.தான், கனமழை அதை உறிஞ்சிவிடும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் எந்த டிஷ்ஷும் தாங்காது. ஆனால் வழக்கமான ஐப்பசி, கார்த்திகை மழைக்கு 60 செ.மீ. டிஷ்ஷைவிட 75 அல்லது 90 செ.மீ. டிஷ் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதே சமயம் பெரிய டிஷ் காற்றையும் அதிகம் வாங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைப்பிடிச் சுவரில் ஆணி அடித்து மாட்டாமல், கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு நிறுத்துவது நல்லது. இடி தொடங்கும் முன்பே பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

ஒரு குறை இருக்கிறது. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழ் ஃப்ரீ டிஷ்ஷில் வருகிறது. கல்விச் சேனல்களும் வருகின்றன. தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்துத்தான் உள்ளே வர முடியும்; அப்படி வந்தவற்றில் இந்திச் சேனல்களே மிகுதி. மாதக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்காக அரசு நடத்தும் சேவை இது. சோரியாங்குப்பத்துக் கூலித் தொழிலாளியின் வீட்டிலும் தமிழ்ச் செய்தியும் தமிழ்ப் படமும் தாராளமாகத் தெரிய வேண்டும். தமிழ்ச் சேனல்களுக்கென்று கூடுதல் இடம் ஒதுக்கச் சொல்லி பிரசார் பாரதியிடம் புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து கேட்கலாம், கேட்க வேண்டும்.