தூண்டில்காரர்கள் வைத்த காவல்

ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் வானம் தெளிந்த நாளில் மேட்டூர் நீர்த்தேக்கம் தெரியும் என்பார்கள். அங்கிருந்து காவிரியோடு மேலே, ஒகேனக்கல்லையும் தாண்டிப் போனால் கர்நாடகத்தில் கலிபோர். மஹ்சீர் மீனுக்காகத் தூண்டில்காரர்கள் வந்து தங்கிய முகாம். பிடித்த மீனை எடை பார்த்துட்டு ஆற்றிலேயே விட்டுடணும், அதுதான் அங்கே விதி.

அவங்களுக்குப் பெரிய கவலை வெடி. ஒன்று போட்டால் போதும், குஞ்சு வரைக்கும் செத்து மிதக்கும். சட்டம் இருந்தாலும் கரையில் ஆள் இல்லாட்டி பிரயோஜனமில்லை. அதனால் தூண்டில் கட்டணத்திலிருந்து உள்ளூர்க்காரர்களைக் காவலுக்கு வைத்தார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் சிலரே காவலாளி ஆனார்கள்!

2012 வாக்கில் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. கட்டணம் போச்சு, காவலுக்கான காசும் போச்சு. ஏட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் 2013-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் தூண்டில்காரர்களின் பங்கை எடுத்துச் சொன்னார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. காவல் இருந்தபோதே காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் குறைந்துகொண்டுதான் வந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியது. இது தெரியவந்ததே முகாமின் 1998–2012 பதிவேட்டால்தான். (என் போன்ற சாஃப்ட்வேர் ஆளுக்கு அது தங்கமான லாக்!) திமில் மஹ்சீரின் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று 2018-ல் உறுதியானது. பதிவேடு அதற்கு ஆறு வருஷம் முன்பே நின்றுவிட்டது.