வீடு தேடும் பிராணிகள்

வீடின்றித் திரியும் நாய்களையும் பூனைகளையும் எடுத்து வைத்துக் காக்கும் இல்லங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. லண்டன் மாநகரில் 1860-ஆம் ஆண்டில் மேரி டீல்பி என்னும் அம்மையார் தொடங்கிய இல்லம் அவற்றுள் பழமையானது. 1871-இல் பாட்டர்ஸீ பகுதிக்கு மாறிய அவ்வில்லம் இன்றும் அங்கே நடைபெற்று வருகிறது. நம் சென்னையில் 1959-இல் தோன்றிய இந்திய புளூ கிராஸ் சங்கமும் இத்தகைய காப்பகம் ஒன்றை நடத்துகிறது. இவ்வில்லங்கள் யாவற்றையும் வருத்தும் தொல்லை ஒன்றே. உள்ளே வரும் பிராணிகள் பல. அவற்றை ஏற்க முன்வரும் குடும்பங்கள் சில.

இதனை அற்ப விஷயமென எண்ணிவிடலாகாது. ஒரு கூண்டு காலியானால்தான் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் மற்றொரு பிராணிக்கு இடம் கிடைக்கும். அமெரிக்கக் காப்பகங்களில் ஏற்பாரின்றியும் பிற காரணங்களாலும் கொல்லப்பட்ட நாய் பூனைகள் 2011-இல் ஏறத்தாழ 26 லட்சம் என்று அந்நாட்டுப் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் மதிப்பிட்டது. 2019-இல் அத்தொகை ஏறத்தாழ 9 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்தது. கருத்தடை அறுவையும், காணாமற்போனவற்றை உரியவரிடம் சேர்ப்பித்தலும், தத்துக் கொடுத்தலும் இக்குறைவுக்குத் துணை நின்றன.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நாம் அடிக்கடி காணும் உண்மை ஒன்றுண்டு. கையிருப்பில் தேங்கிய சேலை எல்லாம் பழுதான சேலை அன்று. வாங்குவோர் கண்ணில் படாத சேலையே அவற்றுள் பல. காப்பகத்துப் பிராணிகளின் நிலையும் இதுவே. அவற்றுக்கும் நம் வீட்டுக்கும் இடையே நிற்கும் தடைகளை அறிந்து ஒவ்வொன்றாக விலக்கியவர்களே இம்முயற்சியில் வெற்றி கண்டனர்.

முதல் தடை, பெயர். "கலப்பு நாய்" என்ற சொல்லே பலருக்கு இளக்காரமாகிவிடுகிறது. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா நாட்டில், தெருநாய்களின் பூமி என்று பொருள்படும் பெயருடைய மலைக் காப்பகம் ஒன்று உள்ளது. அங்கே நூற்றுக்கணக்கான நாய்கள் கூண்டின்றி உலவுகின்றன. அக்காப்பகத்தார் ஒவ்வொரு நாயின் வாலையும் காதையும் முடியையும் உற்று நோக்கி, "நெருப்புவால் பார்டர் காக்கர்" என்பது போன்ற தனி இனப் பெயர்களைச் சூட்டினர். இதைப்போன்ற நாய் உலகில் வேறொன்று இல்லை என்பதே அவர்களுடைய விளம்பரம். அதில் பொய் ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இகழ்ச்சிக்குக் காரணமாயிருந்ததையே அவர்கள் பெருமைக்குக் காரணமாக்கினர்.

இரண்டாவது தடை, தூரம். ஊருக்கு வெளியே, குரைப்பொலி நிறைந்த கூடத்தில், அஞ்சி ஒடுங்கிய நாயைக் கண்டு விரும்புவோர் அரியர். ஆகவே பிராணியை மக்கள் கூடுமிடத்திற்கே கொண்டு சென்றனர் சிலர். பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் 2016-இல் நடந்த டென்னிஸ் பந்தயக் காட்சியொன்றில் காப்பக நாய்களே பந்து பொறுக்கித் தந்தன. அமெரிக்காவில் 51 காப்பகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 நாய்களைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சி 2023-இல் வெளிவந்தது. சில மணி நேரம் வெளியே அழைத்துச் செல்லப்பட்ட நாய்கள், அவ்வாறு செல்லாதவற்றைவிட 5 மடங்கும், ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கியவை 14 மடங்கும் தத்துப் போகும் வாய்ப்பைப் பெற்றன என்று அது கூறுகிறது. நாயோடு நடந்து சென்றவரே அதற்கு நடமாடும் விளம்பரமானார்.

மூன்றாவது தடை, கட்டணம். இலவசமாகக் கிடைத்ததை எவரும் மதியார் என்பது பலரது அபிப்பிராயம். ஆனால் வளர்ந்த பூனைகளைக் கட்டணத்துடன் பெற்றவர்களையும் கட்டணமின்றிப் பெற்றவர்களையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி, இரு சாராரின் பாசத்திலும் வேற்றுமை காணவில்லை.

நம் வாசகர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது, "வேலைப் பூனை" என்னும் ஏற்பாடு. மனிதர் மடியில் அமரப் பழகாத பூனைகளை வீட்டினர் ஏற்பதில்லை. அவற்றுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசியும் போட்டு, அமெரிக்கக் காப்பகங்கள் பல குடியானவர்களின் களஞ்சியங்களுக்கும் தொழுவங்களுக்கும் அளிக்கின்றன. புது இடத்தில் சில வாரங்கள் அடைத்து வைத்து உணவும் நீரும் தந்தால் அவை அவ்விடத்தைத் தம் இடமாகக் கொள்ளும். உடனே திறந்துவிட்டால் ஓடிவிடும். எலி பிடிக்கட்டும் என்று பட்டினி போடுதல் தவறு. நாள்தோறும் உணவளித்தால்தான் பூனை அங்கேயே தங்கும். நெல் மூட்டையை எலிக்குப் பறிகொடுக்கும் விவசாயியும், கஞ்சியிட்ட பாவை எலி கடித்ததால் ஒரு நாள் கூலியை இழக்கும் நெசவாளியும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பிரசாரம் எத்துணைச் சிறப்பாயினும், பொறுப்பு இன்றேல் பயன் இல்லை. தத்தெடுத்த நாய் மறுபடியும் தெருவுக்கு வந்தால் அது இருமடங்கு துன்பம். தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அவை மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் காப்பது அவர்தம் பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் உத்தரவில் கூறியது. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் இன்றி எந்நாயையும் வீட்டில் சேர்த்தலாகாது. குழந்தைகள் உள்ள இல்லத்தார் பிராணியின் குணத்தைக் காப்பகத்தாரிடம் நன்கு விசாரித்தறிய வேண்டும்.

பணம் கொடுத்துக் குளிர்நாட்டு நாயை வாங்கி, நம் கோடை வெயிலில் அதனை வாடவிடுவோர் உளர். நம் மண்ணில் பிறந்து நம் வெயிலுக்குப் பழகிய நாட்டு நாய் காப்பகத்தில் காத்திருக்கிறது. வீட்டுக்கு நாயோ பூனையோ தேவையென்று கருதும் அங்கத்தினர்கள், கடைக்குச் செல்லுமுன் அருகிலுள்ள காப்பகத்தை ஒருமுறை பார்வையிடுவார்களாக. தாம் வளர்க்க இயலாதவரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாயைக் கடைவீதி வரை நடத்திச் செல்ல முன்வரலாம். அதற்கு வீடு கிடைக்க அந்நடையே வழியாகலாம்.