ஊவா மலைநாட்டில் யூதப் பயணியின் உணவு நெறி

தன் வீட்டிலே இருந்துகொண்டு ஆசாரம் காத்தல் எளிது; வழிச்செலவிலே காத்தல் அரிது. சைவ மக்களுள் ஆசாரம் மிக்கோர் சிலர் யாத்திரை செல்லுங்காற் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். அது தீர்ந்தவிடத்து அரிசியும் பருப்பும் வாங்கி, மடத்து முற்றத்திலே மூன்று கல் கூட்டித் தாமே சமைத்து உண்டனர். பிறர் கையாற் சமைத்ததை உண்ணாத அந்நியமத்தைச் சுயம்பாகம் என்று வழங்கினர். உண்ணும் முறையையும் விலக்கையும் ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையிலே வகுத்துரைத்தமை யாவரும் அறிந்ததே. இத்தகைய மரபிலே வளர்ந்தோர்க்கு, உலகின் மற்றொரு பழஞ்சமயத்தார் இன்றும் வழிநடையிற் கைக்கொள்ளும் உணவு நெறி விளங்குதற்கு அரியதன்று.

எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊர்களுக்கு வரும் அயல்நாட்டுப் பயணிகளுள் யூதரும் பலர். இஸ்ரேல் நாட்டு இளைஞர் அவர்களுள் மிகுதி. எல்லா யூதரும் உணவு விதிகளை ஒரே அளவிற் பேணுவாரல்லர். ஆயினும் பேணுவோர்க்கு ஊவா நாட்டிலே ஒரு வேளை உணவு பெறுதலும் ஆராய்ந்து செய்யவேண்டிய கருமமாகின்றது. அவர்களை விருந்தேற்பவர்க்கோ அதனினும் பெரிய சங்கடம் உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

யூதர் தமக்கு ஏற்ற உணவைக் 'கோஷர்' என்பர். எபிரேய மொழியிலே தகுந்தது என்பது அதன் பொருள். அசைபோடுவதும் பிளந்த குளம்புடையதுமான விலங்கே அவர்க்கு ஆகும். ஆடு, மாடு, எருமை ஆகும், பன்றி ஆகாது. ஆகும் விலங்கையும் பறவையையும் விதி கற்றுத் தேர்ந்தவன் விதிப்படி அறுத்து, இரத்தம் போக உப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். இறைச்சியும் பாலும் ஒருங்கு சமைக்கப்படா, ஒருங்கு உண்ணப்படா. அவற்றுக்குரிய பாத்திரங்களும் வேறு வேறு. நீர்வாழ்வனவற்றுள் செதிளும் துடுப்பும் உடைய மீன் மாத்திரம் கொள்ளப்படும். இவற்றின் வேர் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலே உள்ளது. விரிவுகளைப் பிற்காலத்து அறிஞர் வகுத்தனர். யோசேப்பு காரோ தொகுத்து 1565இல் வெனிசு நகரில் அச்சேறிய 'ஷுல்கான் ஆரூக்' என்னும் நூலே இன்றும் பெரும் பிரமாணம்.

பதுளையிலாயினும் தோட்டப்புறங்களிலாயினும் இவ்விதிப்படி அறுத்த இறைச்சி கிடையாது. முஸ்லிம் கடைகளிற் பெறும் ஹலால் இறைச்சியைக் கோஷருக்கு ஈடாகக் கொள்ளலாம் என்று எண்ணுவார் உளர், அது பிழை. எனவே ஊவாவிற் பயணஞ் செய்யும் யூதர், தாம் கொண்டுவந்த உணவு ஒழிய, மரக்கறி உண்போராகவே ஆகிவிடுகின்றனர். இதனைக் கேட்ட சைவக்கடை முதலாளி, கவலை தீர்ந்தது என்று இலை போட முற்படுவது இயல்பு. ஆனால் இவ்விடத்தேதான் நுட்பம் தொடங்குகின்றது.

முதலாவது, மரக்கறி என்று பெயர் பெற்றதெல்லாம் மரக்கறியன்று. இலங்கைச் சமையலிற் சம்பலிலும் பருப்பிலும் சில வேளை கீரையிலுங்கூட மாசிக் கருவாடு இடப்படும். மாசிக்குரிய சூரைமீன் ஆகும் மீனே. எனினும் அது எப்பாத்திரத்தில் அவிக்கப்பட்டது என்பது தெரியாது. கூனி இறாலோ எவ்வாற்றானும் ஆகாது. புகையிரதத்திலே கூவி விற்கப்படும் பருப்பு வடை தன்னளவிற் குற்றமற்றது. இறால் வடை பொரித்த எண்ணெயிலே அதுவும் பொரிக்கப்படுமாயின் அதற்கும் விலக்கு வந்து சேர்கின்றது. கீரையிலும் கோவாவிலும் புழு பூச்சி இருத்தல் கூடாது. இறைச்சி தின்னாத யூதர் ஒரு பூச்சியை விழுங்குவாராயின் அவர் பல விதிகளை ஒருங்கே மீறியவராவர். ஆதலால் வெலிமடைப் பக்கத்திலிருந்து வரும் கோவாவினும் உருளைக்கிழங்கும் கரட்டும் அவர்க்கு வசதியானவை.

இரண்டாவது, பாத்திரம். சூட்டினாலே பாத்திரம் உணவின் சுவையை உள்வாங்கும் என்பதும், மீண்டும் சூடேறும்போது அதனை வெளிவிடும் என்பதும் அவர் கொள்கை. நேற்று ஆகாத இறைச்சி சமைத்த சட்டியில் இன்று வெந்த சோறும் ஆகாததே. உலோகத்தாலும் கண்ணாடியாலும் ஆய பாத்திரத்தைப் பிறரிடம் புதிதாக வாங்கினும், நீரில் முழுவதும் மூழ்குவித்த பின்னரே பயன்கொள்வர். இயற்கை ஊற்றுநீர் அதற்குத் தகும். மழைநீர் பெருகி ஓடும் ஆற்றைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டாதலின், வீட்டிலேயே அச்சடங்கை முடித்த சிறு சட்டியொன்றையும் கத்தியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்படுதல் நன்று. சிறு மின்னடுப்பு உடன் கொண்டுவரலாம். இலங்கை மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுடையது. வாயு அடைத்த கலன்களை விமானத்தில் ஏற்ற விடார்.

மூன்றாவது, சமைப்போர் கை. பச்சையாக உண்ணத்தகாததும், மதிப்புடைய பந்திக்கு ஏற்றதுமான உணவை யூதரல்லாதார் தாமே முற்றச் சமைத்தால் அதனை உண்ணார். சுயம்பாகத்தோடு இதற்குள்ள ஒப்புமை வெளிப்படை. ஆனால் இதற்கு ஓர் எளிய வழி விடப்பட்டுள்ளது. ஐரோப்பிய மரபினர்க்கு அடுப்பை மூட்டும் கை யூதர் கையாயிருந்தாற் போதும். கீழைத்தேய மரபினர்க்குச் சட்டியை அடுப்பில் ஏற்றுவதும் அவராதல் வேண்டும். விருந்தேற்பவர், 'நீங்களே தீக்குச்சியைக் கிழியுங்கள்' என்று விருந்தினரைச் சமையலறைக்கு அழைப்பாராயின் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

பால் என்னும் சொல்லும் தமிழ் வீட்டிலே குழப்பம் விளைப்பது. தேங்காய்ப்பால் பெயரளவிலேயே பால். யூத விதிப்படி அது தேங்காய், அவ்வளவே. கொச்சி நகரிலே 1568இல் தொழுகைக்கூடம் எழுப்பி வாழ்ந்த யூதரும், மலையாளக் கரையின் ஏனை யூதரும், இறைச்சிக் கறிக்குத் தேங்காய்ப்பால் சேர்த்தே சமைத்தனர். ஆவின்பால் விலக்கப்பட்ட இடத்தைத் தேங்காய் நிரப்பியது. வாதுமைப்பாலில் இறைச்சி சமைத்தால், காண்போர் ஐயுறாவண்ணம் சில வாதுமைப் பருப்புகளை அருகே வைக்கவேண்டும் என்று ஐரோப்பிய யூத அறிஞர் விதித்தமையும் ஈண்டு நினையத்தக்கது. எனவே விருந்தினரிடம் 'பால் விட்ட கறி' என்று மாத்திரம் கூறாது தேங்காய்ப்பால் என்று தெளிவுறுத்தல் வேண்டும். பாற்சோற்றிற்கும் இது பொருந்தும். தேநீரிற் கலக்கும் பால்மா மெய்யான பாலே. யூதர் கண்காணிப்பிற் கறந்த பாலையே கொள்ளும் கடும் நெறியாளர் சிலர் பால்மாவிற்கு விலக்களிப்பர், சிலர் அளியார்.

எருமைத்தயிர் ஊவாவின் தாழ்நிலங்களிலே சிறந்த பண்டம். எருமை ஆகும் விலங்கு. தயிர் உறையும் மண்சட்டியும் பெரும்பாலும் புதியது. பாலைப் பற்றி மேற்கூறிய கடுமையில்லாதார் அதனைக் கித்துட்பாணியோடு உண்ணத் தடையில்லை. மீன் வேண்டுவோர் கடற்கரையிலிருந்து பனிக்கட்டியில் வந்து சேரும் மீனைத் தோலுரித்த துண்டாக வாங்காது, செதிளைத் தம் கண்ணாற் கண்ட பின் தம் கத்தியாலேயே வெட்டுவித்தல் வேண்டும். குளத்துத் திலாப்பியாவும் பாரையும் ஆகும். சுறா, திருக்கை, விலாங்கு, கெளிறு, கணவாய், நண்டு ஆகா.

இனி, முன்னர்க் குறித்த சங்கடம். தோட்டத்து லயத்திலே வாழும் ஒரு குடும்பத்தாரிடம் அயல்நாட்டார் ஒருவர் வந்து அமர்ந்து, தந்த தேநீரைத் தொடாது எழுந்து போவாராயின் அவ்வீட்டார் அதனை எவ்வாறு கொள்வர்? தேநீர்க்கடையிலே சாதிக்கொரு குவளை வைத்த கொடுமையைத் தமிழ்ச் சமூகம் அறியும். உண்ண மறுத்தல் என்பது இழிவு செய்தல் என்றே அவர் நெஞ்சில் தைக்கும். கோஷர் நெறியிலோ விலக்கு சட்டியைப் பற்றியது. தந்த மனிதரின் பிறப்பைப் பற்றியதன்று. பெருஞ்செல்வர் மாளிகையிற் பொற்கலத்தில் வைத்தாலும் அதே விலக்கே. சமையலாளர் பற்றிய விதி பிற சமயத்தாரோடு நெருங்கிக் கலத்தலைத் தடுக்க எழுந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை; எனினும் அது உயர்வு தாழ்வு கற்பிப்பதன்று. இதனை வாய் திறந்து கூறுதல் பயணியின் கடமை. தலையசைத்து மறுத்துவிட்டு வாளா இருத்தல், விதியைக் காத்தபோதும், விருந்தளிப்போர் மனத்தைக் காவாது.

மறுத்தற்கு முன் ஏற்கத்தக்கது எது என்று நோக்குவதே நல்வழி. வாழைப்பழமும் தோலோடுள்ள வேறெப்பழமும் ஏற்கலாம். செவ்விளநீரை வெட்டித் தரின் அப்படியே பருகலாம். பப்பாசி மரமா செடியா என்று அவர்தம் அறிஞர் வாதிட்டதுண்டு. மரமாயின் நட்ட முதல் மூன்றாண்டுக் கனி ஆகாது என்பதே வாதத்தின் காரணம்; பிற நாடுகளில் ஐயமுள்ள கனிக்கு விலக்கில்லை. வெறுந்தேநீரைப் பொறுத்தவரை, வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தி எடுக்கும் தேயிலையிலே பிறிதொன்றும் கலப்பதில்லையாதலின் வாசனை சேராத தேயிலை பொதுவாக ஏற்கப்படும். வாசனையூட்டிய தேயிலைக்கே சான்று தேடுவர். தண்ணீர் மாத்திரம் கொதிக்கும் கேத்தலில் கொதித்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தந்தால் அருந்துவோர் பலர். கண்ணாடியும் வேண்டாம் என்பார் காகிதக் குவளையை உடன் கொண்டுவரலாம். சமைத்த உணவிற்கு வாழையிலையே தலைசிறந்த கலம். ஒருமுறை உண்டு எறியும் இலைக்கு நேற்றைய கறை இல்லை.

இந்துக்கள் நினைவிற் கொள்ளவேண்டியது மற்றொன்று உண்டு. பிற சமய வழிபாட்டிலே படைத்த பண்டத்தை யூதர் உண்ணார். கதிர்காமத்திலும் ஊர்க் கோயிலிலும் அன்போடு நீட்டும் பிரசாதத்தை அவர் கைகூப்பி விலக்கினால் அதனை நிந்தை என்று கொள்ளற்க. அருச்சனைத் தட்டின் பழத்தைக் கடைப்பழத்தோடு கலந்து வைத்து அறியாமல் உண்பித்தலும் தகாது.

மலைநாட்டுத் தோட்ட வரலாற்றிலே யூதர் புதியவருமல்லர். ரொத்சைல்டு குடும்பத்தின் உறவினராகிய மொரிசு, கபிரியேல் டி வோம்சு என்னும் உடன்பிறந்தார் புசல்லாவையிலே 'ரொத்சைல்டு' தோட்டத்தை நிறுவி, 1841ஆம் ஆண்டளவிற் சீனத்துத் தேயிலைச் செடிகளை நட்டனர். யேம்சு தெய்லர் 1867இல் லூல்கந்துரையில் வாணிகப் பயிராகத் தேயிலையை இடுதற்குக் கால் நூற்றாண்டு முன்னர் இது நிகழ்ந்தது. 12ஆம் நூற்றாண்டின் அராபியப் புவியியலாளர் இத்ரீசி, இலங்கை மன்னனின் ஆலோசகர் பதினாறு பேருள் நால்வர் யூதர் என்று எழுதியுள்ளார்.

பயணத்தின் காலக்கணக்கும் உணவோடு இணைந்தது. வெள்ளி மாலை ஞாயிறு மறைவது முதல் சனி இரவு விண்மீன் தோன்றும் வரை யூதர் தீ மூட்டார், சமையார், ஊர்தி ஏறார். இலங்கையில் ஞாயிறு மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.45 மணிக்கும் 6.30 மணிக்கும் இடையிலேயே நிற்பதால், கோடையில் இரவு 8 மணி வரை வெளிச்சம் காணும் நாட்டிலிருந்து வருவோர் ஏமாறுதல் கூடும். கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 290 கிலோமீற்றர். 1924இல் பதுளை வரை நீண்ட இப்பாதையிற் பகற்பொழுதே பயணத்திற் கழியும். மண்சரிவால் பாதை அடைபடுதலும் உண்டு. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது மலையகப் பாதை பல இடங்களிற் சிதைந்தது. ஆகவே வெள்ளிக்கிழமையிற் புகையிரதம் ஏறற்க. ஏறுமுன் வண்டி எதுவரை ஓடுகின்றது என விசாரித்தல் வேண்டும். ஒரு நாளுக்கு மிகையான உணவும் கையிலிருத்தல் வேண்டும். 4,000 அடிக்கு மேற்பட்ட பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் இரவு குளிரும். சனிக்கிழமை வெந்நீர் வேண்டுவோர் வெள்ளியன்றே வெப்பக்குடுவையை நிரப்பி வைப்பர்.

சமைத்த கோஷர் உணவு வேண்டுமாயின், யூதருள் 'கபாத்' இயக்கத்தார் கொழும்பிலும் அறுகங்குடாவிலும் நடத்திவரும் இல்லங்களை முன்னரே தொடர்புகொண்டு உறுதி செய்தல் வேண்டும். பதுளையிலிருந்து பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவில் சென்று அறுகங்குடாவை அடையலாம். அங்கிருந்து உறையிட்டுக் கொண்டுவந்த உணவை விடுதி அடுப்பிலே சூடாக்கும்போது, இரட்டை உறை பிரியாது வைக்கச் சொல்லுதல் வேண்டும். உறையைப் பிரித்துத் தம் அழகிய தட்டிலே பரிமாறும் பணியாளர் நல்லெண்ணத்தினாலேயே அவ்வுணவைக் கெடுத்துவிடுவார்.

யூதரின் பாஸ்கா விழா பங்குனி சித்திரையில் வருவது. அவ்வெட்டு நாளும் புளித்த மாவும் கோதுமை ரொட்டியும் ஆகா. ஐரோப்பிய மரபினர் அரிசியும் உண்ணார், கீழைத்தேயத்தாருட் பலர் உண்பர். சில ஆண்டுகளில் அவ்விழா சித்திரைப் புத்தாண்டை அடுத்து அமையும். அந்நாட்களிற் பதுளைக் கடைத்தெரு அடைபட்டிருக்குமாதலின், உருளைக்கிழங்கும் முட்டையும் பழமும் புத்தாண்டுக்கு முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளல் வேண்டும்.