காப்பித்தூள் டப்பாவைத் திறக்காதீர்கள்

அரிவாள்மனையில் விரல் பட்டுவிட்டால் நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது காப்பித்தூள் டப்பா. அது இல்லையென்றால் மஞ்சள்தூள். அப்பியதும் ரத்தம் நின்றுவிடும். சின்னக் காயம் தானாகவே நிற்கக்கூடியது; பேர் மட்டும் தூளுக்கு! வெட்டு ஆழமாக இருந்தால், தையல் போடுவதற்கு முன் அந்தத் தூளைக் கழுவிச் சுரண்டி எடுக்கும்போது அடிபட்டவர் படும் பாடு தனிக் கதை.

ரத்தத்தை நிறுத்த வழி, அழுத்திப் பிடிப்பதுதான். துவைத்த துண்டோ துப்பட்டாவோ, கிடைத்ததைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அடுத்தவர் ரத்தம் என்றால் கையில் ஒரு பாலிதீன் கவரை மாட்டிக்கொள்ளலாம். கடிகாரம் பார்த்து முழுசாக 10 நிமிடம். நாம் கோட்டை விடுவது இங்கேதான். "நின்னுடுச்சான்னு பாரு" என்று யாராவது சொல்வார்கள். உடனே துணியைத் தூக்குவோம். உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு பெயர்ந்து வரும், மறுபடி முதலிலிருந்து. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்கு நேரம் கூடுதலாகவே பிடிக்கும்.

கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள். முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

பெரியவர் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். கையிலோ காலிலோ பீய்ச்சி அடித்து, அழுத்தியும் அடங்காவிட்டால் மட்டும் இறுக்கிக் கட்டலாம். காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியைக் கட்டி, குச்சி செருகி முறுக்க வேண்டும். கயிறு, ஒயர் கூடாது. கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அவிழ்ப்பது டாக்டர் வேலை. (பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு ஆகாது.)

இதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைத்திருக்க வேண்டும். விபத்து என்றால் போலீஸ், சாட்சி என்று பயந்து ஒதுங்கத் தேவையில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நம் சாலையில் அடிபட்ட வெளிமாநில லாரி டிரைவருக்கும் இது உண்டு.